புள்ளி

நாலு அங்குல பிவிசி குழாய்,
போர் போட்டபோது மிஞ்சியது.
கல்லாவிலிருந்து தெருவுக்குச் சரித்து
சணல் கயிற்றால் கட்டினேன்.
மேலே போட்டால் அவரவர் பையில் போய் விழும்
உளுந்து, கடுகு, அரைக்கிலோ சீனி.
முட்டைக்குத்தான் ஒத்துவரவில்லை.
முதல் நாளே ஒன்று உள்ளே உடைந்து
மூன்று நாள் நாறியது குழாய்.

கடை முன்னால் சுண்ணாம்பு வட்டம் ஆறு.
வெயில் தாங்காமல்
வட்டத்துக்குள் செருப்பை விட்டுவிட்டு
எதிர்ச் சுவர் நிழலில் நின்றது
வீரவநல்லூர்.
வரிசை நகரும்போது
ஓடிவந்து செருப்பை நகர்த்தும்.

சில்லறை, சோப்புத் தண்ணீர் வாளியில்.
நோட்டுகளை அகப்பையில் வாங்கி
வீட்டுக்குக் கொண்டுபோனால்
பொன்னுத்தாய் இஸ்திரி போடுவாள்.
ஓரம் கருகின இருபது ரூபாய் ஒன்று
அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு
இன்னும் ஊருக்குள் சுற்றுகிறது.

இத்தனையும் யோசித்தவனுக்கு
பற்று ஞாபகத்துக்கு வரவில்லை.

பற்றுக்கென்று ஒரு குரல் இருந்தது.
ஆளில்லாத நேரம் பார்த்து வந்து,
வாங்கப்போகாத முந்திரிக்கு விலை கேட்டு,
தராசுப் பக்கம் சாய்ந்து,
'அண்ணாச்சி, எழுதிக்கிடுங்க.'
இரண்டடிக்கு மேல் போகாத குரல்.
இப்போது இடையில் ஆறடி,
வாயில் துணி,
ஆளில்லாத நேரமென்று ஒரு நேரமே இல்லை.

ஆவடையம்மாள் வந்தாள்.
தறி நின்று ஐந்து வாரம்.
அவள் உதடு துணிக்குள் அசைந்தது.
'சத்தமாச் சொல்லுங்க' என்றேன்.
துணியைக் கீழே இறக்கப்போனாள்.
'இறக்காதிய!' என்று கத்தினேன்.
கத்தியது நான்தான்.

'பற்றுல எழுதச் சொன்னேன்யா.'

ஐந்து வட்டமும் கேட்டது.
எதிர்ச் சுவர் நிழலும் கேட்டது.
குழாயில் பருப்பு இறங்கிய சத்தம்
அன்றைக்கு ரொம்ப நீளம்.
மறு வாரம் அவள் வரவில்லை.
அதற்கு மறு வாரமும்.

கடைப் பையன் பட்டமுத்துவிடம்
சொல்லி அனுப்பினேன்:
சாமானைச் சீட்டில் எழுதிக் கொண்டுவரச் சொல்லு.
பற்றென்றால் மூலையில் ஒரு புள்ளி.
போதும், வாயே திறக்க வேண்டாம்.

புள்ளியோடு வந்தாள்.
பட்டமுத்து வாயோ ஓட்டை வாய்;
நாலே நாளில்
புள்ளி என்றால் என்னவென்று
தெருவுக்கே தெரிந்துவிட்டது.
ஆறாம் நாள் ஜேசுராஜ் சார் சீட்டில்
மிளகு, கோதுமை மாவு,
மூலையில் பெரிதாக ஒன்று.
பென்ஷன் தேதி தவறாத மனுஷன்.
கூடவே முழுப்பணம் அகப்பையில்.
'இது என்ன சார்?'
'பேனா கசிஞ்சிட்டுவே.'
பிறகு தினமும்
யார் பேனாவாவது கசிந்துகொண்டுதான் இருந்தது.
எந்தப் புள்ளி கடன்,
எந்தப் புள்ளி கசிவு என்று
கணக்கெழுத உட்கார்ந்தால்
எனக்கே மண்டை காயும்.

சீட்டுகளைச் சுளகில் பரப்பி
மொட்டை மாடியில் மூன்று நாள் வெயில் காட்டி
அப்புறம்தான் நோட்டில் ஏற்றுவேன்.
ஆனி பிறந்ததும்
மலைப்பக்கமிருந்து வந்ததே ஒரு காற்று,
சுளகோடு கொண்டுபோய்விட்டது.
பாதி, சாக்கடையில்.
பாதி, கோமு வீட்டு முருங்கையில்.

நினைவிலிருந்து எழுதினேன்.
என் நினைவு கொஞ்சம்
அவர்கள் பக்கம் சாய்ந்த தராசு.

தறி ஓடத் தொடங்கிய மாதம்
ஆவடையம்மாள் பணத்தோடு வந்தாள்.
'நூத்தி எண்பது' என்றேன்.
துணிக்கு மேலே கண் சுருங்கியது.
வட்டம் ஆறிலும் ஆள் நின்றது.
அகப்பையில் நோட்டுகளை எண்ணி வைத்துவிட்டு
கடைசி வட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னாள்:

'இருநூத்தி எண்பது.
ஒழுங்கா எழுதும்யா.'