உறையும் நேரம்

சயான் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி லேப்.
குர்லாவில் தண்டவாளம் முங்கிவிட்டது,
அடுத்த ஷிஃப்ட் பிள்ளை வரவில்லை.
நானும் வெந்நீர்த் தொட்டியும்தான்,
முப்பத்தேழு டிகிரியில்.

ட்யூபில் ஒட்டிய சீட்டு:
தபஸ்கனி, 46, ஆண், நெஞ்சுவலி.
நர்ஸ் காம்ப்ளேயின் கையெழுத்து.
தவசிக்கனியாகத்தான் இருக்கும்,
தாராவியில் எங்கள் பக்கத்து ஆள்.

அரை நிமிடத்துக்கொரு தரம் சாய்க்கிறேன்.
ஓடுகிறது.
சாய்க்கிறேன்.
ஓடுகிறது.
இருபது நிமிடமாகியும்
புளிக்கரைசல் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது.

சாயங்காலம் மருந்து ஏற்றினார்கள்.
இதயக் குழாயை அடைத்த கட்டி கரைந்து
ஈசிஜி கோடு இறங்கிவிட்டதாம்.
நல்லதுதான்.
ஆனால் அந்த மருந்துக்கு முகவரி தெரியாது.
பாங்கில் கடன் கேட்கப் போவதற்காக
காலையில் அவசரமாய் ஷேவ் செய்து
கன்னத்தில் பட்ட கீறல்,
எட்டு மணிக்கே மூடிக்கொண்ட கீறல்,
ராத்திரி திரும்பவும் வாய் திறந்திருக்கிறது.
தலையணை நனைந்த பிறகுதான் பார்த்தார்களாம்.

இதற்குள் இன்னொரு கூத்து.
கட்டி கரையக் கரைய
அதில் சிறைபட்டிருந்த த்ராம்பின் வெளியே வந்து
சும்மா போகிற தட்டணுக்களை உசுப்பிவிடும்.
தாதரில் ஒருவர் இறங்கி வழி விட்டதும்
மொத்தக் கும்பலும் அதே கதவில்
வந்து முட்டிக்கொள்ளுமே, அப்படி.
ஆஸ்பிரின் அங்கே விசில் ஊதும்
ஒற்றைப் போலீஸ்காரர்.
ஒரே உடம்பு, ஒரே ராத்திரி.
கன்னம் மூட மாட்டேன் என்கிறது,
இதயம் மூடிவிடுவேன் என்கிறது.
நடுவில் எந்தப் பக்கம் பேசுவது என்று
டாக்டருக்கே தெரியவில்லை போலும்,
நாலாவது முறை போன் செய்கிறார்:
"ஜமா க்யா?"

தயிர் உறைந்ததா என்று கேட்கிற அதே சொல்.
அவர் மொழியிலும், என் மொழியிலும்.

பிறகு பிளாஸ்மா பைகள் போயின.
மழை நிற்கவில்லை.
மூன்றே முக்காலுக்கு வார்டு பையன்
சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த ட்யூப்
இன்னும் சூடாக இருந்தது.

சாய்த்தேன், ஓடியது.
சாய்த்தேன்,
கொஞ்சம் யோசித்து ஓடியது.
பதினோராம் நிமிடம்
தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தேன்.
விழவில்லை.

"ஜம் கயா" என்று போனில் சொன்னபோது
குரல் சற்று உரத்துவிட்டது.
தொட்டியைத் தவிர யாரும் கேட்கவில்லை.

அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.
கன்னம் மட்டும் தெரியும்.