நாலு பக்கம், ரெண்டு தாள்

பெரியாஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே
பனகல் ரோட்டில் என் ஜெராக்ஸ் கடை.
ஐப்பசி பிறந்தால் எங்களுக்கு சீசன்:
மழை, கொசு, காய்ச்சல்,
பிறகு காப்பீட்டுக்கு மூணு செட்.

யார் எதை நீட்டினாலும் நகலெடுப்பேன்.
வாசிப்பதில்லை.
வாசிக்க ஆரம்பித்தால்
இந்த ரோட்டில் ஒரு நாள்கூடக் கடை நடத்த முடியாது.

கம்ப்யூட்டருக்குள் ஒன்று குடிவந்திருந்தது.
எந்தப் பென் டிரைவிலிருந்து இறங்கியதோ.
சொருகுகிறவர்களின் கோப்பை ஒளித்துவைத்து
அதே பேரில் ஒரு ஷார்ட்கட்டை உட்காரவைத்தது.
ஏட்டையா மகஜர் பிரிண்ட் எடுத்தார், ஸ்டேஷனுக்குப் போனது.
வக்கீல் குமாஸ்தாவோடு கோர்ட்டுக்கு.
உரக்கடைக்காரரின் விலைப்பட்டியலோடு
மேலூர் வரைக்கும் பஸ்ஸில்,
டிக்கெட் எடுக்காமல்.

பெனாசிர்தான் வந்து சண்டை போட்டாள்.
மகபூப்பாளையம். யுனிவர்சிட்டியில்
டெங்கு வைரஸில் ஆராய்ச்சி, ஆறாவது வருஷம்.
"நாலாம் அத்தியாயத்தைக் காணோம்ண்ணே,
அம்பு போட்ட குட்டிப் படம்தான் இருக்கு."

ஒளிந்த கோப்புகளை வெளியே இழுக்க ஒரு மணி நேரம்.
ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள்:
"அதுக்கு வயிறு இல்லண்ணே, மூச்சு இல்ல.
'என்னை நகலெடு'ன்னு எழுதின ஒரு சீட்டு, அவ்வளவுதான்.
செல்லுக்குள்ள போய் நீட்டும்.
செல்லு வாசிக்காது. எடுத்துக் கொடுத்துக்கிட்டே இருக்கும்."

டோனர் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.
"எத்தனை காப்பி?"
"கடை தாங்குற வரைக்கும்."

மொத்தம் எத்தனை எழுத்து என்று கேட்டேன்.
பத்தாயிரத்து எழுநூறாம்.
மனசு தன்னால் கணக்குப் போட்டது:
ஏ4-ல் நெருக்கி அடித்தால் நாலு பக்கம்,
பேக் டு பேக் ரெண்டு தாள்.
எதிர்க் கட்டிடத்தில் வராண்டா வரைக்கும் ஆட்களைப் படுக்கவைத்தது
நாலு ரூபாய்ச் சரக்கு.

போகும்போது வாசலில் திரும்பினாள்.
"அவசர நகல், நிறையத் தப்பு விழும்ண்ணே.
ஆனா பிழை விழுந்துதான் அது பிழைக்குது."

விளக்கு வைக்கும் நேரம்
கருமாத்தூர் ஒச்சாயி அக்கா வந்தது.
முந்தானையில் முடிந்திருந்த ரிப்போர்ட்டே
யாரோ எடுத்த நகலின் நகல்.
என் டிரம்மில் ஒரு கீறல்;
எந்தத் தாளிலும் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு இறங்கும்.
அன்றைக்கு அது பிளேட்லெட் எண்ணின் இடது விளிம்பில் இறங்கி
முதல் மூன்றின் வாயை மூடிவிட்டது.

அக்காவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும்,
பஸ் நம்பர் பார்த்துப் பழகியது.
"எம்பத்தி மூணாயிரமா?
காலையில முப்பத்தி மூணுன்னாகளே.
ஏறிருச்சாய்யா? எம் புள்ள பொழச்சுக்கிருவான்ல?"

அப்போதுதான் தாளைக் குனிந்து வாசித்தேன்.
வாசித்து முடிப்பதற்குள்
ஆதார் அட்டையோடு ஆறு கைகள் உள்ளே நீண்டன.
அக்கா ரோட்டைக் கடந்துவிட்டது.

கல்லாவைத் திறந்துபோட்டபடி ஓடினேன்.
கேட்டோரம் நின்று போனில் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது:
எம்பத்தி மூணு.
கொழுந்தனுக்கு. பிறகு திருப்பூரிலிருக்கும் மகளுக்கு.
மகள் இந்நேரம் யாருக்கெல்லாம் சொல்லியிருப்பாளோ.

"அந்தத் தாளைக் குடுக்கா, கோடு விழுந்திருக்கு,
வேற எடுத்துத் தர்றேன்."
"கோடு கெடக்கட்டும்யா" என்று
மடித்து இடுப்பில் செருகிக்கொண்டது.
அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கம்ப்யூட்டரைத் துடைத்து எல்லாம் புதிதாகப் போட்டேன்.
ரோட்டில் மாநகராட்சி வண்டி புகை விட்டுக்கொண்டு போனது.
கொசு செத்ததோ என்னவோ, எனக்கு இருமல்.

டிரம்மைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்.
மயிர் அளவுக் கீறல்.
புதுசு ஆறாயிரம்.
காலையில் போன் பண்ணணும்.

எதிரே
இரண்டாம் மாடியில் ஒரு வரிசை விளக்கு
இன்னும் அணையவில்லை.