காற்று எந்தப் பக்கம்

தம்பலகாமத்து வரம்பில் நின்று
படிவம் நிரப்புகிறார் பரிசோதகர்.
விதை? சீரகச் சம்பா.
உரம்? மாட்டெரு, சீமைக்கிளுவைத் தழை.
தண்ணீர்? கந்தளாய்க் குளத்து வாய்க்கால்.
காலநிலைக் கட்டத்தில்
என்னைக் கேளாமலே 'சாதகம்' என்றெழுதினார்.

சாதகம்தான்.
போன மாரி வேளாண்மையில் பாதி
வெள்ளத்தோடு குடாவுக்குள் இறங்கியது.
அதற்குக் கட்டமில்லை.

பக்கத்து வயல்?
கிண்ணியா உதுமாலெவ்வையுடையது.
மருந்தடிப்பாரா?
அடிப்பார்.
பேனை நின்றது.

என்னத்தைச் சொல்ல?
சிறுபோகத்தில் கதிர் பூக்கிற கிழமை
முதுகில் டாங்கியோடு வருவார்.
ஒரு பிடி உமியை மேலே எறிந்து பார்ப்பார்.
கச்சான் எங்கள் பக்கம் வீசினால்
அப்படியே திரும்பிவிடுவார்.
அறக்கொட்டி ஒரு மூலையைத் தின்றபோதும்
திரும்பித்தான் போனார்.
"உங்கட வயல் மணக்குது தங்கேஸ்வரி,
இதுக்குள்ள எப்பிடி அடிக்கிற?"

நியாய விலை என்று
விதைக்க முன்பே எழுதிய தாள்
என் பெட்டிக்குள் இருக்கிறது.
அவர் பெயர் அதிலில்லை.

'இடைவெளி: மூன்று மீற்றர்.'
கையெழுத்து வைத்தேன்.

அறுவடைக் கணக்கில் ஒரு மூடை குறையும்.
கேட்டால்
காற்று கொண்டுபோனது என்பேன்.