பிரிண்டர் ரிப்பேர்

மொன்டானாவின் வடக்கில்
தானிய ரயில் மட்டும் நிற்கும் ஓர் ஊரில்
லொரீன் ட்வைட்டின் கடை.
முன்பக்கம் தூண்டில், கையுறை, மானை ஏமாற்றும் ஊதல்.
பின்சுவரில் துப்பாக்கிகள்,
ஒரே சங்கிலியில் கோத்து நிற்கவைத்த மாதிரி.

வாங்க வருகிறவன் எப்படி இருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.
தூக்கிப் பார்ப்பான். தோளில் பதிப்பான்.
சுவர்க் கடிகாரத்தைக் குறிபார்ப்பான்.
பக்கத்து ஊரில் நாற்பது டாலர் குறைவு என்று
கூசாமல் பொய் சொல்வான்.

ஆரின் ஸ்டென்விக் விலை கேட்கவில்லை.
"அது" என்றான்,
கண்ணில் பட்ட முதலாவதைக் காட்டி.
அக்டோபர் கடைசி. கையுறை இல்லை.
வண்டி ஜன்னலில் எப்போதும் தொங்கும்
நாயின் நாக்கும் இல்லை.

"நாய் எங்கே?"
"தம்பியிடம் கொடுத்துவிட்டேன்."
கொஞ்சம் பொறுத்து,
தோட்டா பெட்டியாகத்தான் கிடைக்குமா என்று கேட்டான்.

படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் சரியாகவே எழுதுவான்.
தொலைபேசியில் விசாரித்தால்
மூன்றே நிமிடத்தில் கொடுக்கலாம் என்பார்கள்.
சட்டத்திற்கு அவன் முகம் தெரியாது.

கல்லாவின் அடித்தட்டில் ஒரு ரசீது இருக்கிறது.
பதினோரு வருடம். மை வெளுத்து எண்கள் போய்விட்டன.
அவளுக்கு மட்டும் தெரியும்: காலை பத்து நாற்பத்திரண்டு.
தீவனக்கடைத் தொப்பி போட்ட பையன்.
மீதிச் சில்லறை வேண்டாம் என்றான்.
நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள்.
இன்றைய நாள் நன்றாக அமையட்டும் என்று
வாழ்த்து வேறு.

பொறுப்பு என்கிறோம்.
பிட்டுப் பார்த்தால் உள்ளே
பொறு என்றுதான் இருக்கிறது.

"பிரிண்டர் ரிப்பேர்" என்றாள் லொரீன்.
"நாளைக்கு வா."

சொன்ன வாய் மூடவில்லை,
முதுகுக்குப் பின்னால் பிரிண்டர் விழித்துக்கொண்டு
கர்கர் என்று
யாருடைய தூண்டில்முள் ஆர்டரையோ
இரண்டு பிரதி துப்பியது.

இருவரும் பார்த்தார்கள்,
இரண்டாவது தாள் தரையில் விழும்வரை.

அவன் சிரித்தான் என்று சொல்ல முடியாது.
மூக்கு வழியாக ஏதோ வந்தது.
பிறகு மீன்பிடி நாற்காலி ஒன்றில்
விலைச்சீட்டு தொங்கத் தொங்க உட்கார்ந்துவிட்டான்.

அறுபது மைல் தாண்டித் தம்பி வரவேண்டும்.
செப்டம்பரிலேயே வேட்டைக்கு இரவல் என்று சொல்லி
அண்ணன் வீட்டுத் துப்பாக்கிகளை அள்ளிப் போனவன்;
கடை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டான்.
அவள் கதவுப் பலகையைத் திருப்பிப் போட்டுக்
காப்பி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.
என்ன பேசினார்கள் என்றால்,
பெரும்பாலும் நாயைப் பற்றி.

மறுநாள் ஹார்லன் ப்ரூட்
கவுன்டரில் முழங்கை ஊன்றினான்.
"நீ வியாபாரி. வைத்தியர் இல்லை.
உரிமை உள்ளவனுக்கு இல்லை என்று சொல்ல நீ யார்?"

அவளிடம் பதில் இல்லை.
ஹார்லனுக்குத் தெரியாத ஒன்றுதான் இருந்தது:
மார்ச்சில் கை நடுங்க வந்த ஒரு பெண்.
அவளையும் நாளைக்கு வரச் சொன்னாள்.
நடுக்கம் தன்னை நினைத்தா,
வீட்டு வாசலில் வந்து நிற்கும் யாரையோ நினைத்தா,
கேட்கத் தோன்றவில்லை.
அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை.
வண்டியின் எண்பலகை வேறு மாநிலம்.
அவ்வளவுதான் தெரியும்.

பிப்ரவரியில் பிரிண்டர் நிஜமாகவே செத்தது.
அட்டையில் எழுதிக் கதவில் மாட்டினாள்.
ஊரே படித்தது. ஒருவரும் நம்பவில்லை.
காலணிப் பனியைத் தட்டிவிட்டு
உள்ளே வருகிறவர்கள் முதலில் சொன்னது:
"நான் நன்றாகத்தான் இருக்கிறேன், லொரீன்."
பாதிரியார்கூட சொன்னார்.
ஆரினும் சொன்னான்,
கையுறை விலையைத் திட்டிக்கொண்டே.

ஹார்லன் மட்டும்
வெளியே, தொப்பியில் பனி ஏற ஏற,
அந்த இரண்டு வார்த்தையை
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருந்தான்.