ஆய்வாளர் பலகை

களக்காட்டு ரோட்டு ஸ்டேஷன் பலகையில்
முதல் பதினேழு பெயர் என் மாமனார் எழுதியது.
துரைமார் இனிஷியலுக்கே பாதி வரி போயிருக்கும்.
பதினெட்டாவது கோமதிநாயகத்தில் இருந்து என் பிரஷ்.

ஞானசிகாமணி ஒன்பது நாள்.
பச்சையாத்து மணல் லாரியைப் பிடித்துவிட்டார்.
சேர்ந்த தேதி, போன தேதி
ரெண்டையும் ஒரே ஈரத்தில் எழுதினேன்.

உச்சிமாகாளி ஐயா
சுடலை கொடைச் சண்டையில்
வேடிக்கை பார்த்த என்னையும் அள்ளி
ஒரு ராத்திரி உள்ளே வைத்தார்.
விடிந்ததும் கம்பிக்கு வெளியே நின்று
"பெயிண்ட் இருக்காடே?" என்றார்.
அவர் பெயரில் 'ச்' மேல் புள்ளி வைக்கவில்லை.
இருபத்தாறு வருஷம்,
ஒரு போலீஸ்காரரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆவுடையம்மாள் வந்தபோது
திருமதி போடவா என்று கேட்டேன்.
"மேல எவருக்காவது திரு போட்டிருக்கீரா வே?"
கூலியைக் கையோடு தந்தது
அந்த அம்மா ஒருத்திதான்.

இப்போது இடமில்லை.
புது ஐயா சொல்லுதார்:
"வெள்ளையடிச்சு என்கிட்ட இருந்து ஆரம்பி."

ரெண்டு கோட்டிங் வேணும் ஐயா,
இல்லேன்னா அடியில் உள்ளது தெரியும்.

"ஒண்ணு போதும். துட்டு இல்ல."

சரி என்று டப்பாவைத் திறந்தேன்.