ரியில் நிற்கும் பாட்டு

ஒட்டுசுட்டான். ஏழாம் வகுப்பு, மதியத்துக்குப் பிந்திய பாடம்.
ஆர்மோனியத்தில் காந்தாரக் கட்டை
அமர்ந்தது அமர்ந்தபடி எழும்புவதில்லை.
அதைச் சாட்டாக வைத்து,
ச, ரி, ப மட்டும் போதும் என்றேன்.
எட்டு அட்சரம். வீட்டில் கேட்ட ஒரு சத்தம்.
இயற்றிக்கொண்டு வாருங்கள்.

முதல் நாள் பன்னிரண்டு மயில்கள் வந்தன.
ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய மயில்கள்.

டிலக்சன்தான் கொப்பியை நீட்டினான்:
ச ச ச , , , பா
"நடுவில என்னடா மூண்டு காற்புள்ளி?"
"தண்ணி மிசின், மிஸ்.
மூண்டுதரம் கயிறு இழுக்க வேணும்.
பிடிக்குதோ எண்டு அப்பா பார்த்துக்கொண்டு நிப்பார்.
பிடிச்சா, பா."
விரல் மடித்து எண்ணினேன். எட்டு.
கார்வைக்கு நான் மனனம் செய்த வரைவிலக்கணத்தில்
மண்ணெண்ணெய் மணந்ததில்லை.

யதுசிகாவின் பாட்டு ரியில் நின்றது.
"சவுக்கு வந்து முடி பிள்ளை."
"ஏலாது மிஸ். பஸ் இன்னும் மாங்குளத்தில.
அம்மா இறங்கேல்லை."
சவுக்குப் பாதி வகுப்பு, ரிக்குப் பாதி.
டிலக்சன் சவின் பக்கம், மேசையில் குத்திக் குத்தி.
வாசித்துப் பார்த்தேன், இரண்டு விதமாகவும்.
தண்டவாளத் துண்டில் மணி அடித்தார்கள்,
வழக்கு முடியவில்லை.

பின்னேரம் சந்தியில்
மாங்குளம் பஸ் வந்து நின்றது.
அவளுடைய அம்மாவை நான் கண்டதில்லை.
என்றாலும் இறங்குகிறவர்களை எண்ணினேன்,
தாளம் போடும் விரல்களால்.