ஈயவெள்ளை

மணிக்கு இருபத்தைந்து டொலர்.
அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.
பார்ற்றன் தெருவில், மூடிக்கிடக்கும் இறைச்சிக்கடைக்கு மேல்மாடி.
பழுதான கார்களை இழுத்துப் பிழைக்கிறவன் நான்.
அசையாமல் இருப்பதற்கும் ஒருத்தி காசு தருவாள் என்று
ஹமில்ரனுக்கு வந்த பதினான்கு வருடத்தில்
ஒருவரும் சொல்லவில்லை.

பெனடிற்றா பகலில் தபால் கந்தோரில் பொதி பிரிக்கிறாள்.
இரவில் தன் வெள்ளையைத் தானே அரைக்கிறாள்:
கையுறை, முகமூடி, ஒரு கண்ணாடிப் பலகை.
ஈயம், கிட்ட வராதே, நஞ்சு என்பாள்,
தொட்டிலை ஆட்டுவதுபோல் அரைகல்லை ஆட்டிக்கொண்டே.
ஆளிவிதை எண்ணெயின் மணம்
என் வேலைச்சட்டை டீசலோடு
மூன்றாம் நாளே சிநேகமாகிவிட்டது.

முதலில் என்னைச் சாம்பலில் தீட்டினாள்.
கன்னம் சாம்பல், கை சாம்பல்,
இரும்பாலைப் புகை ஏறிவந்து வாங்கில் குந்தினதுபோல.
இதற்குப் பெயர் செத்த அடுக்கு என்றாள்.
நானூறு வருடத்துக்கு முந்தின ஆட்களும்
முதலில் சாகடித்துவிட்டுத்தான்
உயிர் கொடுத்தார்களாம்.

காயட்டும் என்று ஒரு மாதம் கூப்பிடவில்லை.
பிறகு தேத்தண்ணியை விட மெல்லிசாய் ஒரு சிவப்பு.
அது காய, ஒரு மஞ்சள்.
அதன்மேல் இன்னொன்று.
பதினோராவது பூச்சில் என் காதுமடல்
பின்பக்கத்து வெளிச்சத்தை உள்ளே விட்டது.
என் பெண்சாதிகூட அந்தக் காதை அப்படிக் கண்டதில்லை.

மார்ச்சில் போனபோது
படத்தில் நான் லொறிக்குள் இருந்தேன்.
வெளியே ஏரி
சுவர்போல் நிமிர்ந்து நின்றது,
கப்பல்கள் அதில் ஆணியில் தொங்கின.
அது பரவாயில்லை.
அவளுடைய எந்தப் படத்திலும் தண்ணீர் சொல்வழி கேட்காது.

பக்கத்து இருக்கையில் ஒரு மான்.
சீட் பெல்ட் போட்டிருந்தது.
ஈரமூக்கில் ஒரேயொரு வெள்ளைப் புள்ளி,
அதற்குள் இந்த அறையின் யன்னல் முழுவதும்.

யார் சொன்னது உனக்கு என்றேன்.

ஒருவரும் சொல்லியிருக்க முடியாது.
ஆறாம் நெடுஞ்சாலை, நவம்பர், விடியப்புறம் இரண்டரை.
முன்கால் இரண்டும் போய்விட்டன.
கண் போகவில்லை.
துப்பாக்கியோடு பொலிஸ் வர நாற்பது நிமிடம்.
என் ஜக்கெற்றைப் போர்த்திவிட்டு
தார் ரோட்டில் பக்கத்தில் இருந்தேன்.
என்ன கதைத்தேன் என்பது
எனக்கும் அதுக்கும்.

பெனடிற்றா தூரிகையைத் துடைத்தாள்.
எனக்கொன்றும் தெரியாது.
வந்த நாளிலிருந்து இந்த வாங்கில்
ஓரமாய்த்தான் குந்துகிறாய்.
நீ விட்ட இடத்தைத் தீட்டினேன்.

அழித்துவிடு.

மறுபேச்சில்லை.
வெள்ளையை எடுத்து மானின்மேல் பனி தள்ளினாள்.
மூக்கு, கழுத்து, பெல்ட்.
காது கடைசியாக.
மிஞ்சியது உறைபனி படிந்த கண்ணாடியும்
ஒரு வெறும் இருக்கையும்.
இருபத்தைந்து டொலரையும் எண்ணித் தந்தாள்.

படியிறங்கும்போது மேலிருந்து சொன்னாள்:
இந்த வெள்ளைக்கு ஆயுள் உண்டு.
எண்ணெயோடு பழகிப் பழகிக் கண்ணாடியாகிவிடும்.
நூறு வருடம், நூற்றைம்பது வருடம்.
உள்ளே இருப்பது மேலே வரும்.
காதுதான் முதலில். அங்கே மெல்லிசாய்ப் பூசினேன்.

படம் இப்போது ஓக்வில்லில்,
ஒரு பல்வைத்தியரின் காத்திருப்பு அறையில்.
கடைவாய்ப்பல்லுக்காகப் போனேன்.
ஊசி போட்டு, விறைக்கட்டும் என்று
என்னை எனக்கு முன்னால் இருத்தினார்கள்.

ஒரு சின்னப் பெடியன் கிட்டப்போய்
அந்த வெறும் இருக்கையை முகர்ந்து பார்த்தான்.
தாய் அதட்டினாள்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில்
யாரோ கைப்பையை வைக்க வந்தார்கள்.
ஆள் இருக்கு என்றேன்,
விறைத்த வாயால்.